கரண்ட் போய் வந்தால்

உதயா என்ன வேலை செய்கிறாள் என்று திருத்தணியில் அவள் தெருவில் யாரைக் கேட்டாலும், கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அவளும் அதற்கு மேல் யாருக்கும் விளக்கியதில்லை. பெற்ற அம்மாவுக்குக்கூட அவ்வளவுதான் தெரியும். உட்கார்ந்து கேட்டவர் ஒரே ஒருவர், அவளுடைய அக்கா பிரேமாவின் வீட்டுக்காரர் துளசிங்கம். ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், பால் சென்டரில் கூலரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். ஒரு கிருத்திகைக்கு மலைக்கு வந்தவர், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, மாடியில் உட்கார்ந்து நீ என்னதான் செய்கிறாய் என்று கேட்டார்.

அவள் சொன்னாள். எந்த நிரலும் இயந்திரத்தை நேராகத் தொட முடியாது. கோப்பில் எழுது, இத்தனை நேரம் காத்திரு என்று எதுவானாலும் உள்ளே இருந்து இயந்திரத்தை ஆளும் கர்னல் என்ற மூல நிரலிடம் விண்ணப்பம் போட்டுத்தான் ஆக வேண்டும். நிரலுக்கும் கர்னலுக்கும் நடுவில் சி நூலகம் என்று ஒன்று இருக்கிறது. நிரல் கேட்பதை வாங்கி, கர்னல் ஏற்றுக்கொள்ளும் படிவத்தில் எழுதி உள்ளே தள்ளுகிற சின்னச் சின்னத் துண்டுகள் அதில் உண்டு. அவற்றில் சிலவற்றை அவள் பார்த்துக்கொள்கிறாள்.

"ஆங், புரிஞ்சிபோச்சி," என்றார் துளசிங்கம். "தாலுக்கா ஆபீஸ் வாசல்ல உக்காந்துகினு மனு எழுதிக் குடுக்கறான் பாரு, அந்த வேல."

பதினைந்து வருஷத்தில் அவள் வேலையை அவ்வளவு சரியாக வேறு யாரும் சொன்னதில்லை.

அரசுப் பெண்கள் பள்ளியில் தமிழில் படித்தவள் உதயா. இன்ஜினியரிங் காலேஜில் முதல் வருஷம் முழுக்க வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். இங்கிலீஷில் பேசத்தான் பயமாக இருந்தது, சி மொழியில் எழுதப் பயம் இல்லை. அம்பத்தூரில் வெப்பநிலைப் பதிவுப் பெட்டி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. பதினோரு வருஷம் விடியற்கால எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய் வந்தாள். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்ட் வேலை. கொரோனாவுக்குப் பிறகு அவள் மாடி அறையிலேயே மேஜை போட்டுக்கொண்டாள். கரண்ட் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்று கம்பெனி செலவில் பெரிய இன்வெர்ட்டர் ஒன்றும் வந்தது.

அவள் பார்த்துக்கொள்ளும் நூலகம் கம்பெனியுடையது அல்ல. எவருடையதும் அல்ல. பல தேசத்து ஆட்கள் மின்னஞ்சல் குழுவில் பேசித் திருத்திக்கொண்டே இருக்கும் பொதுச் சொத்து. கம்பெனியின் பெட்டிகளில் அது ஓடியதால், அந்தப் பெட்டிகளில் இருக்கும் சிப்புக்கு உரிய பகுதி மெல்ல மெல்ல உதயாவின் கைக்கு வந்துவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் அனுப்பிய முதல் திருத்தம்தான் இதற்கெல்லாம் தொடக்கம்.

அந்தச் சிப்பில் கர்னலின் படிவத்துக்கு அறுபத்து நான்கு கட்டம். நினைவகத்தை மிச்சம் பிடிக்க, நிரல்கள் மட்டும் முப்பத்திரண்டு கட்டத்திலேயே எழுதும். சின்னப் படிவத்தில் இருப்பதைப் பெரிய படிவத்தில் பெயர்த்து எழுதும்போது இடது பக்கத்தில் முப்பத்திரண்டு கட்டம் காலியாக இருக்கும். அதை எதை வைத்து நிரப்புவது என்பதுதான் கேள்வி. எழுதியிருப்பது நினைவகத்தின் முகவரி என்றால் பூஜ்யம் போட்டு நிரப்ப வேண்டும். கழித்தல் எண் என்றால், அதன் கழித்தல் அடையாளத்தையே காலிக் கட்டம் எல்லாவற்றிலும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் அது கழித்தல் எண்ணாகவே இருக்காது. முன்பு அங்கே முகவரிகளுக்கும் கழித்தல் அடையாளம் ஒட்டிக்கொண்டு, சில நிரல்கள் எங்கோ போய் விழுந்துகொண்டிருந்தன. உதயா அதைக் கண்டுபிடித்தாள். ஒரே வரியில் சரியும் செய்தாள். எது வந்தாலும் பூஜ்யம். சோதனை எல்லாவற்றிலும் தேறியது. குழுவில் பெரிய கை ஒருவர் அழகாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அன்று சாயங்காலம் அவள் ஒருத்தியாக மலைப் படி ஏறிப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அந்த ஒரு வரி நாலு வருஷம் ஒருவருக்கும் தொல்லை கொடுக்காமல் கிடந்தது.

கம்பெனியின் பெட்டி ஒன்றைத் துளசிங்கம் வேலை பார்த்த பால் சென்டரிலும் வைத்திருந்தார்கள். கூலருக்குள் பால் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதிக்கொள்ளும். நாளுக்கு ஒரு கோப்பு. காலை எட்டு மணிக்கு டேங்கர் வரும். டேங்கர்காரர் பெட்டியின் திரையைப் பார்ப்பார். பதிவு இருந்தால்தான் பாலை ஏற்றுவார். இரண்டு வருஷத்துக்கு முன்பு, அந்தக் கோடையில், நாலு மாசத்துக்குள் ஐந்து நாள் பதிவு முழுக்க வெறுமையாக இருந்தது. ஐந்து நாள் பாலும் வாய்க்காலில் போயிற்று. பால் எடுக்கும் டெய்ரிக்காரர்கள் விளக்கம் கேட்டார்கள். கம்பெனியில் உதயாவின் மேலாளர் குணசேகரன், உன் ஊருக்குப் பக்கம்தானே, நீயே பெட்டியை வாங்கிப் பார்த்து அறிக்கை கொடு என்றார். அங்கே வேலை செய்பவர் தன் பாவா, அக்கா வீட்டுக்காரர் என்று அவள் மறைக்காமல் சொன்னாள். அப்படியானால் ஜாக்கிரதையாக எழுதும்மா, சொந்தத்துக்குச் சாய்ந்துவிட்டாள் என்று பேச்சு வரப் போகிறது என்று குணசேகரன் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பெட்டியைத் துளசிங்கமே டவுன் பஸ்ஸில் கொண்டுவந்தார். துண்டில் சுற்றி ஒயர் கூடையில் வைத்திருந்தார்.

"கரண்ட் போயி வந்தா அன்னிக்குப் பூரா பொட்டி வெத்தா காட்டுதும்மா," என்றார். "கூலர் ஓடிகினுதான் கீது. நான் உடனே ஜெனரேட்டரு போட்டுடறேன். பொட்டிதான் எல்லாத்தையும் மறந்துடுது. அஞ்சு நாளும் அப்டித்தான்."

அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பெட்டியை மாடியில் தன் மேஜை மேல் வைத்து மூன்று நாள் ஓட்டினாள். அந்த மூன்று நாளில் நாலு தடவை கரண்ட் போனது. பெட்டி ஒரு பதிவைக்கூட விடவில்லை. எப்படி விடும்? அது ஓடியது இன்வெர்ட்டரில். கரண்ட் போனதே அதற்குத் தெரியாது. மூன்றாம் நாள், பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கலாமா என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. வரவில்லை என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், முடியவில்லை. வந்தது. பாவா சொன்னார் என்பதற்காகக் குறையைத் தேடித் தேடிப் பார்க்கிறோமோ என்று அவளே அதைத் தள்ளிவிட்டாள். கருவியில் குறை இல்லை, பதிவு நின்றதற்கு மனிதத் தலையீடு காரணமாக இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இருக்கலாம் என்றுதானே எழுதினோம் என்பது கொஞ்ச நாளைக்கு ஆறுதலாக இருந்தது.

கிராமத்தில் யாரும் அந்த வார்த்தையைப் பார்க்கவில்லை. துளசிங்கத்தை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கூலரை அணைத்துவிட்டுத் தூங்கியவன், அது தெரியாமல் இருக்கப் பொட்டியையும் அணைத்தவன் என்று பால் ஊற்றும் இடத்தில் பேச்சு எழுந்தது. நாலு மாடு வைத்திருந்த குப்பம்மாள்தான் அதிகமாகப் பேசினாள், அவள் பால்தான் அதிகமாக வாய்க்காலில் போயிருந்தது. அந்த வருஷம் ஊர்க்காரர்கள் மலைக்குப் பால் காவடி எடுத்தபோது, நீ கையில் பாலை எடுக்காதே என்று நேராகவே சொன்னார்களாம். துளசிங்கம் அம்மையார்குப்பத்தில் ஒரு பவர்லூம் ஷெட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். மலைக்கு வருவதை விட்டார். பிரேமா மட்டும் எப்போதும்போல் தங்கைக்குப் போன் செய்தாள். மழை, மாடு, மகளின் படிப்பு என்று எல்லாம் பேசினாள். அந்த அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் உதயாவால் தாங்கியிருக்க முடியும்.

இந்த வருஷம் மாசி மாதத்தில், வேறொரு சிப்பில் வேலை செய்யும் ஒருவர் குழுவுக்கு எழுதினார். எங்கள் பகுதியில் கழித்தல் எண்கள் கர்னலுக்குப் போகும் வழியில் அடையாளத்தை இழக்கின்றன, மற்றவர்களும் தங்கள் பகுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். உதயா டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் வரியைத் திறந்தாள். எது வந்தாலும் பூஜ்யம். கோப்பில் பின்னால் நகரச் சொல்லும் விண்ணப்பம் அந்த வரி வழியாகப் போனால் என்ன ஆகும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தாள்.

பெட்டி கரண்ட் போய் வந்ததும் முதல் காரியமாகக் கோப்பின் கடைசியிலிருந்து முப்பத்திரண்டு எழுத்து பின்னால் போகும். கடைசிப் பதிவு பாதியில் அறுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். முப்பத்திரண்டு பின்னால் என்று நிரல் கேட்டதை, அவளுடைய வரி நானூற்று இருபத்தொன்பது கோடிக்கும் மேலே முன்னால் என்று எழுதி உள்ளே கொடுத்திருக்கிறது. கர்னலும் கேள்வி கேட்காமல் அங்கே போயிருக்கிறது. அடுத்த பதிவு அங்கே விழுந்ததும், கோப்பு நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாகத் தெரியும். திரையில் காட்டும் நிரல் அது கெட்டுப்போன கோப்பு என்று அந்த நாளையே தூக்கிப் போட்டுவிடும். மறுநாள் புதுக் கோப்பு, எல்லாம் சரி. மற்ற இடங்களில் பெட்டிக்கு இன்வெர்ட்டரோ பேட்டரியோ இருந்ததால் இது வெளியே வரவே இல்லை.

டீயில் ஆடை படிந்திருந்தது. அவள் எழுந்து போய் அலமாரியில் இருந்த பழைய பெட்டி ஒன்றை எடுத்து, சுவரில் இருந்த சாதாரண பிளக்கில் சொருகினாள். கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடுங்கினாள். மறுபடி சொருகினாள். இன்றைய பதிவு இல்லை என்று திரை சொன்னது. மொத்தம் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

திருத்துவது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஒவ்வொரு எண்ணும் எந்த வகை என்று பார்த்து, முகவரிக்குப் பூஜ்யம், கழித்தலாக வரக்கூடியதற்கு அதன் அடையாளம் என்று பிரித்து நிரப்ப வேண்டும். மறுநாள் மத்தியானத்துக்குள் முடித்து, கழித்தல் எண்களை மட்டும் அனுப்பிப் பார்க்கும் சோதனைகளையும் எழுதிவிட்டாள். கை நின்றது மேலே வைக்க வேண்டிய குறிப்பில்தான். திருத்தத்தோடு இரண்டு வரி எழுதுவது அந்தக் குழுவில் வழக்கம். இந்தக் குறையைக் கொண்டுவந்தது முன்பு வந்த எந்தத் திருத்தம் என்று ஒரு வரி. குறையை முதலில் சொன்னவர் யார் என்று ஒரு வரி. முதல் வரியில் அவள் பெயர் வரும். இரண்டாவது வரியில் யார் பெயர் வர வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அவள் இரண்டையும் எழுதவில்லை. படிவம் நிரப்பும் முறையில் சிறு சீரமைப்பு என்று மட்டும் எழுதி வைத்தாள். குணசேகரனும் போனில் அதையேதான் சொன்னார். பொய் ஒன்றும் இல்லையே, சீரமைப்புதானே. ஆயிரத்து இருநூறு பெட்டி வெளியே ஓடுகிறது, அடுத்த மாசப் புதுப்பிப்பில் சத்தமில்லாமல் போய்விடும், எதற்கு ஊரைக் கூட்ட வேண்டும் என்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, அவரும் பயந்திருந்தார். அஞ்சல் மூன்று நாள் அனுப்பாமல் கிடந்தது.

நாலாம் நாள் பிரேமா போன் செய்தாள். ஏதோ கல்யாணப் பத்திரிகை விஷயம். வைக்கும் முன்னால், பாவா எப்படி இருக்கிறார் என்று உதயா கேட்டாள்.

"கீறாரு," என்றாள் பிரேமா.

போனை வைத்ததும் உதயா குறிப்பை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். குறையைக் கொண்டுவந்தது ஆறு வருஷத்துக்கு முன் நான் செய்த திருத்தம். குறையைச் சொன்னவர் துளசிங்கம், ஆர்.கே.பேட்டை, இரண்டு வருஷத்துக்கு முன். அவர் சொன்ன விதத்தில் நான் சோதித்துப் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டு, கம்பெனிக்கும் டெய்ரிக்கும் தன் பழைய அறிக்கை தவறு என்று தனியாக எழுதினாள். குழுவில் இருந்து, திருத்தம் ஏற்கப்பட்டது, சொன்னவரின் மின்னஞ்சல் முகவரி விட்டுப்போயிருக்கிறது என்று பதில் வந்தது. அவருக்கு மின்னஞ்சல் கிடையாது என்று எழுதினாள். குணசேகரன் இரண்டு நாள் பேசவில்லை. டெய்ரியில் இருந்து பதிலே இல்லை.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு அம்மையார்குப்பம் போனாள். ஷெட்டுக்குள் தறிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. துளசிங்கம் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். அவள் ஒன்றும் விடாமல் சொன்னாள். இன்வெர்ட்டரைச் சொன்னாள். மூன்றாம் நாள் வந்த நினைப்பையும் சொன்னாள். அவர் காகிதத்தை வாங்கி, இங்கிலீஷ் எழுத்தில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தார்.

"மன்னிச்சிடுங்க பாவா," என்றாள்.

அவர் காகிதத்தை நாலாக மடித்து அவளிடமே கொடுத்தார்.

"எங்கிட்ட இன்னாத்துக்குமா சொல்ற? நான் அணைக்கலன்னு எனக்குத் தெரியுமே. தெரியாதவங்க அங்க கீறாங்க. காத்தால ஆறு மணிக்குப் பால் ஊத்த வருவாங்க. அங்க போயி சொல்லு."

அவரும் கூட வர வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாள்.

"நான் வந்து நின்னா, நான் சொல்லிக் குடுத்து நீ ஒப்பிக்கற மாரி ஆயிடும்," என்று சொல்லிவிட்டு அவர் தறிக்குத் திரும்பிப் போனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு உதயா பால் சென்டர் வாசலில் நின்றாள். தோள் பையில் திருத்தம் ஏற்றிய புதுப் பெட்டி ஒன்று இருந்தது. பதினைந்து இருபது பேர் கேனும் தூக்குமாக வரிசையில் நின்றார்கள். தப்பு பெட்டியில்தான், அந்தத் தப்பு என்னுடையது, துளசிங்கம் எதையும் அணைக்கவில்லை, அவர் சொன்னதைக் கேட்டும் நான் மாற்றி எழுதிவிட்டேன் என்று சொன்னாள். வரிசை அவளை ஏற இறங்கப் பார்த்தது.

"நீ பிரேமா தங்கச்சி இல்ல?" என்றாள் குப்பம்மாள்.

"ஆங்."

"அப்ப ஒங்க பாவாவுக்கு நீ பேசாம வேற எவ பேசுவா?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எந்தப் பேச்சுக்குப் பயந்து அவள் கையெழுத்துப் போட்டாளோ அந்தப் பேச்சுதான். வந்தே விட்டது. வந்ததும் அதில் பயப்பட ஒன்றும் இல்லாமல் இருந்தது. பேசியெல்லாம் நம்ப வைக்க முடியாது, டேங்கர் போன பிறகு அணைத்துக் காட்டுகிறேன், இருக்க முடிந்தவர்கள் இருங்கள் என்றாள்.

கூலரை இப்போது பார்த்துக்கொள்பவர் பரந்தாமன். அவர் வந்த பிறகு டேங்கருக்கு முன்னால் கரண்ட் போனதில்லை, அதனால் பதிவு வெறுமையானதும் இல்லை. அவர் பதறிப்போனார். இன்றைய பதிவு வெறுமையானால் நாளைக்குத் தன் வேலை போய்விடும் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அணைப்பது என் கை, ரெஜிஸ்டரில் என் பெயரிலேயே எழுதிக் கொடுக்கிறேன், அப்புறம் சரியான பெட்டியையும் மாட்டிவிட்டுப் போகிறேன் என்று உதயா சொல்லச் சொல்ல, அவர் அரை மனசோடு ஒப்புக்கொண்டார். டேங்கர் வரும்வரை இரண்டு மணி நேரம் அவள் ஓரமாக நின்றாள். ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள். டேங்கர் கிளம்பியபோது குப்பம்மாளும் இன்னும் ஐந்தாறு பெண்களும் மீதி இருந்தார்கள்.

உதயா மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினாள். கூலரின் இரைச்சல் அடங்கியது. ஒரு நிமிஷம் கழித்து மேலே ஏற்றினாள். கூலர் ஓடத் தொடங்கியது. அதன் மேல் இருந்த முள் நாலு டிகிரியில் அசையாமல் நின்றது. பக்கத்தில் பெட்டியின் திரை எரிந்து, யோசித்து, இன்றைய பதிவு இல்லை என்று காட்டியது. டேங்கர் வந்தபோது அதில் இருந்த எண்கள் ஒன்றையும் காணோம்.

குப்பம்மாள் கிட்டே வந்து முள்ளைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"அவன் இதயேதான் சொன்னான்," என்றாள்.

அந்த ஐந்து நாளும் கரண்ட் போனது உண்மைதான், ஒரு நாள் தன் வீட்டு மோட்டார்கூட நின்றது என்று பின்னால் இருந்து ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. குப்பம்மாள் உதயாவிடம் திரும்பினாள்.

"இந்த சுச்சிய ஒரு தரம் அணைச்சிப் பாக்க ஒனக்கு ரெண்டு வருசமா?"

"சொந்தத்துக்குச் சாயறேன்னு சொல்லுவாங்களோன்னு பயந்துட்டேங்க," என்றாள் உதயா.

"நல்லா பயந்த போ."

குப்பம்மாள் காலிக் கேனை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். துளசிங்கத்துக்கு ஷிஃப்ட் எப்போது முடியும் என்று கேட்டாள். இரண்டு மணிக்கு என்று தெரிந்ததும், அம்மையார்குப்பத்துக்கு எந்த பஸ்ஸில் போவது என்று மற்ற பெண்களோடு பேச ஆரம்பித்தாள். நானும் கூட வரட்டுமா என்று உதயா கேட்டாள்.

"நீ இன்னாத்துக்கு? வாய உட்டவங்க நாங்க, நாங்க போறோம்," என்றாள் குப்பம்மாள். "நீ எழுதித் தரேன்னியே, அத எழுது மொதல்ல."

அவர்கள் போய்விட்டார்கள். பரந்தாமன் ரெஜிஸ்டரைத் திறந்து மேஜை மேல் வைத்தார். உதயா பேனாவை வாங்கி, தேதி போட்டு, காலை எட்டு இருபதுக்குக் கரண்டை நிறுத்தியது நான் என்று எழுதினாள். அந்தப் பக்கத்தில் இன்னும் நிறைய இடம் இருந்தது. அவள் கை எடுக்காமல் அதன் கீழேயே பழைய அறிக்கையைப் பற்றியும் எழுதத் தொடங்கினாள். இந்தத் தடவை, இருக்கலாம் என்று எங்கும் எழுதவில்லை.